ஒரு சேனல் போகவில்லை: அவுட்லா கன்ட்ரி ஆல்பங்களைக் கேட்கத் தொடங்குவது எப்படி

1997 வாக்கில் என்று நினைவு. பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எங்கள் தெருக்கோடியில் இருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஒன்று ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியது. கட்டில், பீரோ, தையல் மெஷின் எல்லாம் விலைபோன பிறகு ஒரு அட்டைப்பெட்டி நிறைய எல்.பி. தட்டுகள் மிச்சம். அந்த வீட்டு ஆன்ட்டி என்னைக் கூப்பிட்டு, "நீதானேப்பா ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பாக்குற? இருநூறு ரூபா குடுத்துட்டு எடுத்துட்டுப் போ" என்றார்.

பெட்டியில் முக்கால்வாசி அமெரிக்கக் கன்ட்ரி பாடகர் ஜிம் ரீவ்ஸ். பெங்களூர் கண்டோன்மென்ட் பக்கம் வளர்ந்த யாருக்கும் இதில் ஆச்சரியம் இருக்காது. டிசம்பர் பிறந்துவிட்டால் அவருடைய கிறிஸ்துமஸ் பாட்டுகள் எங்கள் தெருவில் ஏதாவது ஒரு ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருக்கும். எங்களுடையது முருகனைக் கும்பிடுகிற வீடு. இருந்தும் எங்களுக்கும் மனப்பாடம்.

அடியில் ஒரே ஒரு தட்டு மட்டும் வேறு ஆள். வில்லி நெல்சன் என்ற இன்னொரு கன்ட்ரி பாடகரின் 'ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்', 1975. கடையில் அன்று ரிப்பேர் முடித்து வைத்திருந்த ஆம்ப்ளிஃபயரில் போட்டேன். ஒரு கிட்டார், ஒரு குரல். அவ்வளவுதான். பேலன்ஸ் குமிழை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தேன். ஒரு சேனல் போய்விட்டது என்று முடிவுகட்டி, ஆம்ப்ளிஃபயரின் மூடியைக் கழற்றி, மல்டிமீட்டரை வைத்து ஒரு மணி நேரம் தேடினேன். ஒரு கோளாறும் இல்லை. ஜிம் ரீவ்ஸைப் போட்டால் இரண்டு ஸ்பீக்கரிலும் வயலினும் கோரஸும் நிரம்பி வழிகின்றன. வில்லியைப் போட்டால் மறுபடி அதே வெறுமை.

பிற்பாடு படித்தபோதுதான் நிம்மதி. அந்த ஆல்பத்தை முதன்முதலில் கேட்ட கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்களும் இது வெறும் டெமோ, இனிமேல்தான் இசை சேர்க்கப் போகிறார்கள் என்றுதான் நினைத்தார்களாம். டெக்சஸில் டாலஸுக்குப் பக்கத்தில் கார்லண்ட் என்ற ஊரில், சுமார் 4,000 டாலர் செலவில் முடித்த ரெக்கார்டிங் அது. பாட்டு, வாத்தியம், வடிவம் எல்லாம் தன் முடிவே என்று வில்லி ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருந்ததால் அப்படியே வெளியிட வேண்டியதாயிற்று.

கன்ட்ரி இசையில் 'அவுட்லா' என்கிற இந்தக் கலகக்கார வகை ஆல்பங்களில் எங்கே தொடங்குவது என்று கடைக்கு வருகிற பையன்கள் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை, ஜிம் ரீவ்ஸைக் கேளுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. எதை எதிர்த்துக் கிளம்பினார்கள் என்று காதுக்குத் தெரியாவிட்டால், அவுட்லாக்காரர்கள் உங்களுக்குச் சும்மா தாடி வைத்த கிழவர்களாகத்தான் தெரிவார்கள். 1950களில் ராக் அண்ட் ரோல் வந்து கன்ட்ரி தட்டுகளின் வியாபாரத்தைச் சாப்பிட்டது. கன்ட்ரி ரெக்கார்டிங்கின் மையமான நாஷ்வில் நகரத்துத் தயாரிப்பாளர்கள் ஃபிடிலையும் ஸ்டீல் கிட்டாரையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு, வயலின் கூட்டத்தையும் "ஊ… ஆ…" கோரஸையும் முன்னால் கொண்டுவந்தார்கள். அதுதான் நாஷ்வில் சவுண்ட். ஆர்.சி.ஏ. கம்பெனியில் அதற்குப் பொறுப்பு செட் அட்கின்ஸ். ஜிம் ரீவ்ஸின் பாட்டுகளைத் தயாரித்தவர் அவர்தான். அவரைத் திட்டாதீர்கள், அபாரமான கிட்டார் கலைஞர். ஆனால் அந்தக் காலத்து நாஷ்வில் வேலை செய்த விதம் ஒரு ஃபேக்டரி மாதிரி. என்ன பாட்டு என்பதைத் தயாரிப்பாளர் சொல்வார். வாசிப்பது ஸ்டூடியோவின் வாடிக்கை ஆட்கள். ஊர் ஊராகப் பாடகருடன் பஸ்ஸில் போகிற சொந்த பேண்டுக்கு உள்ளே இடம் கிடையாது. மூன்று மணி நேர ஷிஃப்ட், மூன்று நான்கு பாட்டு, முடிந்தது கதை.

ஜிம் ரீவ்ஸின் ஏதாவது ஒரு பாட்டை எடுத்து, என்னென்ன வாத்தியம் கேட்கிறது என்று விரல்விட்டு எண்ணுங்கள். உடனே வில்லியின் அந்த ஆல்பத்தில் முதல் பாட்டைப் போடுங்கள். இரண்டுக்கும் நடுவில் காணாமல் போனவை எவை என்று கேட்டாலே பாதி வேலை முடிந்தது.

'அவுட்லா' என்ற பெயரைப் பார்த்துக் கத்தி, துப்பாக்கி என்று நினைக்க வேண்டாம். இவர்கள் மீறியது கம்பெனியின் நடைமுறையை. வேலன் ஜென்னிங்ஸ் 1965-இலிருந்து ஆர்.சி.ஏ.யில் அட்கின்ஸின் கையில் இருந்தவர். (வேலன் என்று பெயரைக் கேட்டதும் என் அம்மா, "நம்ம ஆளா?" என்றார். இல்லை, டெக்சஸ் லிட்டில்ஃபீல்டுக்காரர்.) 1972-இல் ஒரு முரட்டு மேனேஜரை வைத்துப் பேசி, தன் பாட்டைத் தானே தேர்ந்தெடுக்கவும் தன் ஆட்களையே வைத்து வாசிக்கவும் உரிமை வாங்கினார். அதே வருடம் வில்லி நாஷ்வில்லே வேண்டாமென்று டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டினுக்குக் குடிபோனார். இதை முதலில் படித்தபோது ஒரு நொடி எங்கள் ஆஸ்டின் டவுன் என்றே நினைத்தேன். நீலசந்திரா மார்க்கெட்டில் வில்லி நெல்சன் கீரை பேரம் பேசுகிற காட்சி இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

சரி, கருவி விஷயம். விலை உயர்ந்த சாமான் ஒன்றும் வேண்டாம். ஆனால் மூன்றை அணைத்துவிடுங்கள்: பாஸ் பூஸ்ட், ஈக்வலைஸர், ஷஃபிள். பாஸ் பூஸ்ட் போட்டால் வில்லியின் கிட்டார் தகர டப்பாவில் கல்லைப் போட்டு ஆட்டுவதுபோல் ஆகிவிடும். அது நைலான் தந்தி போட்ட மார்ட்டின் கிட்டார், 'ட்ரிகர்' என்று அதற்குப் பெயர். தந்தியை மீட்டுகிற பிக் உரசி உரசி மரத்திலேயே ஓட்டை விழுந்துவிட்டது. அந்த உரசலும் சேர்ந்துதான் பாட்டு. 1970 டிசம்பரில் வீடு தீப்பிடித்தபோது வில்லி உள்ளே ஓடிக் காப்பாற்றிய சாமான்களில் இந்தக் கிட்டாரும் ஒன்று. ஷஃபிள் ஏன் கூடாது என்றால், ஒரு தடவை என் போன் தானாகவே வரிசையைக் கலைத்துவிட்டது. கதாநாயகன் கொலை செய்வதற்கு முன்னாலேயே மன்னிப்புப் பெற்று நடனமாடிக்கொண்டிருந்தான்.

ஆமாம், அது ஒரு கதை. நம்மிடம் கொலைச்சிந்து என்று ஒன்று இருந்தது. ஊரை உலுக்கிய ஒரு கொலையைப் பாட்டாகக் கட்டி, சின்னப் புத்தகமாக அச்சடித்து, சந்தையிலும் ரயிலடியிலும் பாடிப் பாடியே விற்பார்கள். கோலார் தங்கவயலில் இருந்த என் பாட்டிக்கு ஒன்று முழுதாகத் தெரியும். அதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு 'ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்' புதிதே இல்லை. ஒரு பாதிரியார், அவரை விட்டுவிட்டு வேறொருவனுடன் போன மனைவி, இரண்டு கொலை, அப்புறம் குதிரையில் ஊர் ஊராக அலைச்சல். மொத்தம் 15 துண்டுகள், முக்கால் மணி நேரம்கூட ஆகாது. முதல் பாட்டின் மெட்டு நடுநடுவே இரண்டு முறை திரும்பி வரும், கூத்தில் கட்டியங்காரன் வந்து "அப்புறம் என்ன நடந்தது தெரியுமா" என்பதுபோல. நடுவில் இறந்த மனைவியின் குதிரையைத் தொட்டதற்காக ஒரு பெண்ணைச் சுட்டுவிடுகிறான், அதற்குத் தண்டனையும் இல்லை. அந்த இடம் எனக்கு இன்றும் நெருடும். பாட்டும் அதைச் சமாதானப்படுத்த முயலவில்லை, சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறது.

முதல் சைடு முடிகிற இடத்தைக் கவனியுங்கள். வார்த்தையே இல்லாமல் ஒரு கீர்த்தனை. வில்லியின் அக்கா பாபி நெல்சன் பியானோ வாசிக்கிறார். நம் சர்ச்சுகளில் பாடுகிற 'நான் பாவிதான், ஆனாலும் நீர்' பாட்டின் ஆங்கில மூலம்தான் அது. அதற்குள் மூன்று பேரைக் கொன்றுவிட்ட பாதிரியார் கதையில், பாடாமல் விட்ட அந்த வார்த்தைகள் என்ன என்று தெரிந்தவருக்கு உடம்பு சிலிர்க்கும். விவேக்நகர் குழந்தை இயேசு கோயிலுக்கு வியாழக்கிழமை தவறாமல் போகிற என் நண்பர் ஒருவர்தான் இதை எனக்குச் சொன்னார். நானாகக் கண்டுபிடித்திருக்க வாய்ப்பே இல்லை.

வில்லி பாடும்போது தாளத்தை உற்றுக் கேளுங்கள். அடி விழுகிற இடத்தில் அவர் வரமாட்டார். அதைப் போகவிட்டு, சாவகாசமாகப் பின்னால் வருவார், சில சமயம் முந்திக்கொள்வார். கச்சேரி கேட்டுப் பழகியவர்கள் அனாகத எடுப்பு, அதீத எடுப்பு என்பார்களே, கிட்டத்தட்ட அந்தக் குறும்பு. இந்தப் பழக்கத்தாலேயே நாஷ்வில்லில் அவரைப் பாடகராக ஏற்க யோசித்தார்கள். பாட்டாசிரியராக மட்டும் ஓஹோவென்று இருந்தார். பேட்சி க்ளைன் 1961-இல் பாடிய 'க்ரேஸி' இவர் எழுதியதுதான். பாடகராகக் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடிக்க அதற்கப்புறம் 14 வருடம் ஆயிற்று. அதுவும் இந்த ஆல்பத்தில் உள்ள, ஃப்ரெட் ரோஸ் எழுதிய பழைய பாட்டால். இணையத்தில் கிடைக்கிற பதிப்புகள் சிலவற்றில் கடைசியில் கூடுதல் பாட்டுகளை ஒட்டவைத்திருக்கிறார்கள். 15-வது துண்டு 'பண்டேரா' முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். கதை முடிந்த பிறகு எதற்குத் திண்ணையில் உட்கார்ந்திருப்பது?

ஒரு வாரம் கழித்து வேலன். 'ஹாங்கி டாங்க் ஹீரோஸ்', 1973. பத்துப் பாட்டு, அரை மணி நேரம்கூட இல்லை. பத்தில் ஒன்பது பில்லி ஜோ ஷேவர் எழுதியவை. ஷேவர் மரமறுக்கும் மில்லில் விரல்களைப் பறிகொடுத்தவர், அப்போது யாருக்கும் தெரியாத ஆள். ஒரு விழாவில் அவர் பாட்டைக் கேட்ட வேலன், "உன் பாட்டுகளை வைத்தே ஒரு ஆல்பம் போடுகிறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் கண்ணாமூச்சி காட்டினார். ஷேவர் கடைசியில் ஸ்டூடியோவுக்கே போய் நின்றார். நூறு டாலர் கொடுத்து அனுப்பப் பார்த்தார்கள். "பாட்டைக் கேட்கிறாயா, இல்லை இத்தனை பேர் முன்னால் அடிபடுகிறாயா" என்கிற ரீதியில் பேச்சு போனது. வேலன் உட்கார்ந்து கேட்டார். ஒன்று பிடித்தது, இன்னொன்று பாடச் சொன்னார், இன்னொன்று.

தலைப்புப் பாட்டு மெதுவாக, சோம்பலாகத் தொடங்கும். பாதியில் பேண்டு முழுதும் வந்து சேரும். சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு அந்த இடத்துக்குக் காத்திருங்கள். பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி அப்புறம் கவலைப்படலாம்.

அதன் பிறகு 1975-இன் 'ட்ரீமிங் மை ட்ரீம்ஸ்'. முதல் பாட்டில் கிக் டிரம், யாரோ பூட்ஸ் காலால் மரத்தரையை மிதிப்பதுபோலக் கடைசிவரை நிற்காமல் அடிக்கும். மேலே வேலனின் டெலிகாஸ்டர் கிட்டார், தண்ணீர்க் குழாய்க்குள் போய்த் திரும்புகிற மாதிரி சுழலும். அது ஃபேசர் என்ற சின்னப் பெட்டியின் வேலை. ஒலியைப் பிரதியெடுத்து, அலையின் கட்டத்தை நகர்த்தி, மூல ஒலியோடு மறுபடி கலக்கும். சில சுருதிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், அந்த அழியும் இடம் மெல்ல மேலும் கீழுமாக ஓடும். ஒரு தடவை இந்தப் பாட்டைப் போட்டுக்கொண்டே ஒரு வாடிக்கையாளரிடம் ஸ்பீக்கரைக் கொடுத்தேன். "ஒயர் மாத்திக் கொடுத்திருக்கீங்களா அண்ணா, உள்ள எதோ சுத்துது" என்றார். அவர்மேல் தப்பில்லை. பாட்டின் பொருள் என்னவென்றால், பளபள உடையும் புதுக்காருமாக நாம் போகிறோமே, அந்தக் காலத்துக் கன்ட்ரி ஜாம்பவான் ஹாங்க் வில்லியம்ஸ் இப்படியா போனார் என்ற கேள்வி. ஹாங்க் 1953 புத்தாண்டு அன்று 29 வயதில் காரின் பின்சீட்டில் இறந்தவர் என்பதை மனதில் வைத்துக்கொண்டு கேட்டால், கேள்வி கொஞ்சம் கனக்கும்.

வேலனின் தட்டுகளில் ரால்ஃப் மூனி வாசிக்கிற பெடல் ஸ்டீல் கிட்டாரைத் தேடுங்கள். நம் கோட்டுவாத்தியத்தில் கட்டையை வைத்து இழுப்பார்களே, அந்த இழுப்பு. கூடவே காலில் பெடல், முட்டியில் நெம்புகோல். கமகத்துக்குப் பழகிய காதுக்கு இந்த ஒரு வாத்தியம் போதும், கன்ட்ரி உடனே வசப்படும்.

இப்போது ஒரு பிரச்சினை. இது முழுக்க ஆம்பளைகளின் உலகம். குடி, ரோடு, வீட்டைவிட்டு ஓடுவது, அப்புறம் அதற்காகப் புலம்புவது. பெண்களில் வேலனின் மனைவி ஜெஸ்ஸி கோல்ட்டர்தான் அந்தக் கூட்டத்தில் பேர் பெற்றவர். அதனால் நான் அடுத்ததாகச் சொல்வது வில்லியின் 1974 ஆல்பம், 'ஃபேஸஸ் அண்ட் ஸ்டேஜஸ்'. ஒரு கல்யாணம் முறிகிறது. முதல் சைடு மனைவி சொல்வது, இரண்டாவது சைடு கணவன் சொல்வது. அலபாமாவில் மசில் ஷோல்ஸில் ரெக்கார்ட் செய்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இதைப் போட்டிருந்தேன். என் வீட்டுக்காரி கறிச்சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பாட்டுகளில் அவளுக்கு ஆர்வமே கிடையாது. "என்னங்க சொல்றான், இவ்ளோ சாவகாசமா?" என்றாள். சொன்னேன்: புருஷனின் சட்டை துவைப்பது, பாத்திரம் கழுவுவது, தரை துடைப்பது, ஒருகாலத்தில் ஆசையாகச் செய்ததெல்லாம் அவளுக்கு இப்போது வெறுத்துவருகிறதாம், கை சிவந்துபோவதைத் தவிர வேறு எதற்கும் முறையிட்டதில்லையாம். குழாயை மூடினாள். "இதை ஒரு ஆம்பளயா எழுதினான்?" ஆமாம் என்றேன். "மறுபடி போடுங்க." இரண்டாவது சைடு வந்தபோது விமானத்தில் குடித்துக்கொண்டே போகிற கணவனின் பாட்டை ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, "இது நமக்குத் தெரிஞ்ச கதைதான்" என்று உள்ளே போய்விட்டாள். இன்றுவரை அவளுக்கு அந்த ஆல்பத்தில் ஒரே ஒரு சைடுதான்.

'வான்டட்! தி அவுட்லாஸ்' என்ற 1976 தொகுப்பில்தான் எல்லோரும் உங்களைத் தொடங்கச் சொல்வார்கள். பத்து லட்சம் விற்றதற்கான பிளாட்டினச் சான்று வாங்கிய முதல் கன்ட்ரி ஆல்பம் என்ற பெருமை அதற்கு உண்டு. எனக்கு அது ஒரு மிக்சர் பொட்டலம். பழைய ரெக்கார்டிங்குகளைப் பெரும்பாலும் பொறுக்கிச் சேர்த்து, போலீஸ் தேடுகிற சுவரொட்டி மாதிரி அட்டை போட்டுக் கம்பெனி விற்ற சரக்கு. எதை எதிர்த்தார்களோ அதுவே லேபிளாகிவிட்டது. இரண்டே வருடத்தில், 1978-இல், இந்த அவுட்லா விவகாரம் கைமீறிப் போய்விட்டதே என்று வேலனே ஒரு பாட்டுப் பாடினார்.

ஜானி கேஷின் ஃபால்சம் சிறைக் கச்சேரி ஆல்பம், 1968, கட்டாயம் கேட்க வேண்டியது. ஆனால் அது இந்தக் கதைக்கு முந்தியது, தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கிறிஸ் கிறிஸ்டாஃபர்சன் ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, ராணுவத்தில் ஹெலிகாப்டர் ஓட்டிவிட்டு, நாஷ்வில் ஸ்டூடியோவில் தரை கூட்டியவர். 1970-இல் வந்த முதல் ஆல்பம் பாட்டுக்காகக் கேட்க வேண்டியது, குரலுக்காக இல்லை.

கை கிளார்க் (Guy Clark) என்ற பாடகரிடம் மட்டும் கொஞ்சம் நிற்கிறேன். 'ஓல்ட் நம்பர் ஒன்', 1975. கிட்டார் செய்துவந்த ஆள், பட்டறை மேஜையில் உட்கார்ந்துதான் பாட்டு எழுதினார். எனக்குச் சொந்தக்காரர் மாதிரி. அதில் ஒரு பாட்டில் டெக்சஸின் சின்ன ஊருக்கு முதன்முதலாக வேகமான புது ரயில் வருகிறது. ஊரே திரண்டு நிற்கிறது. ஆறு வயதுப் பையன் தண்டவாளத்தில் காசு வைத்துத் தட்டையாக்கிக்கொள்கிறான். விடுமுறைக்குத் தங்கவயல் போகும்போதெல்லாம் பங்காருப்பேட்டையில் பத்துப் பைசாவை வைத்துவிட்டு ஸ்டேஷன் மாஸ்டருக்குப் பயந்து ஓடியவன் நான். அந்தப் பாட்டுக்கு எனக்கு அர்த்தம் தேட வேண்டியிருக்கவில்லை.

உச்சரிப்பு புரியாது. வெட்கப்பட ஒன்றுமில்லை, எனக்கும் புரியவில்லை. முதல் தடவை வரிகளைத் தேடாமல் கேளுங்கள். இரண்டாவது தடவை வரிகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது தடவை மறுபடி கீழே போட்டுவிடுங்கள்.

தட்டாகவே வாங்க ஆசைப்படுகிறவர்கள் ஞாயிறு காலை அவென்யூ ரோடு, சிக்பேட்டை பக்கத்துச் சந்தையில் சீக்கிரம் போய்ப் பாருங்கள். ஜிம் ரீவ்ஸ் எப்போதாவது மாட்டுவார், வேலன் எனக்கு இதுவரை மாட்டவில்லை. விலை பேசுவதற்கு முன் தட்டை வெளியே எடுத்து, கண்ணுக்கு நேராகப் படுக்கவைத்துப் பாருங்கள். அப்பளம் மாதிரி நெளிந்திருந்தால் விட்டுவிடுங்கள். கீறல் இருந்தால் நகத்தால் தடவுங்கள், நகம் மாட்டினால் ஊசியும் மாட்டும். பூஞ்சை மட்டும் என்றால் பயமில்லை, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், பருத்தித் துணி. வட்டத்தோடு துடையுங்கள், குறுக்கே வேண்டாம். நடு லேபிளில் ஈரம் படக்கூடாது. நிழலில் நிறுத்திவைத்து நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள்.